இடது காலா, வலது காலா

கோவாவிலிருந்து திரும்பிய மூன்றாம் நாள் ராத்திரி, கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டே என் மனைவி கேட்டாள்: "என்னங்க, நேத்து வரைக்கும் இடது காலைத்தானே நீட்டினீங்க?"

நான் நீட்டியிருந்தது வலது காலை.

"ரெண்டுலயும்தான் இருக்கு. இன்னைக்கு இதுல கொஞ்சம் ஜாஸ்தி," என்றேன்.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. வலது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கெண்டைச் சதையை மேலிருந்து கீழாக நீவத் தொடங்கினாள். பகலெல்லாம் சாக்பீஸ் பிடித்து உலர்ந்துபோன விரல்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்துகிறவள். ராத்திரியில் அவளுக்கே கால் கடுக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு இடையிடையே "ஸ்ஸ்" என்றேன். எந்த இடத்தில் "ஸ்ஸ்" சொன்னால் பொருத்தமாக இருக்கும் என்று யோசித்து யோசித்துச் சொன்னேன்.

கோவாவில் மிராமார் கடலில் நீந்தும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, அதனால் போட்டியிலிருந்து விலக வேண்டியதாகிவிட்டது என்று இரண்டு வருஷமாகச் சொல்லி வந்தேன். ஆம்பூரில் கேட்டவர்கள் எல்லாரும் நம்பினார்கள். பிடித்துக்கொள்ளவில்லை. இடதும் இல்லை, வலதும் இல்லை.

நான் ஒரு ஷூ கம்பெனியில் தோல் செலெக்‌ஷன் பார்க்கிறவன். டேனரியிலிருந்து ஃபினிஷ் ஆகி வரும் தோலை மேஜையில் விரித்து, இது அப்பருக்கு ஆகும், இது லைனிங்குக்குப் போகட்டும், இது வந்த வண்டியிலேயே திரும்பட்டும் என்று பிரிப்பது என் வேலை. உண்ணி கடித்த தடம், முள் கீறிய கோடு, சூடு போட்ட தழும்பு எல்லாம் கண்ணுக்கே தெரிந்துவிடும். தெரியாதது லூஸ் கிரெய்ன். விரித்து வைத்தால் கண்ணாடி மாதிரி கிடக்கும். மேல்பக்கம் உள்ளே போகிற மாதிரி மடித்துப் பார்த்தால்தான், வயிற்றுப் பக்கத்துத் தோல் ஆறிய பாலின் ஆடை மாதிரி சுருங்கிக் காட்டிக்கொடுக்கும்.

இருபது வருஷமாக சப்ளையர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டுக் கேட்டு எனக்கு அதற்கென்றே ஒரு காது வளர்ந்துவிட்டது. "கெமிக்கல் அளவு தப்பாயிடுச்சு சார்" என்றால் பெரும்பாலும் நிஜம். "சனிக்கிழமை மழை, கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் இழுக்கல, டிரம் ஆபரேட்டரோட மச்சினனுக்குக் கல்யாணம்" என்று வந்தால் பொய். நிஜத்துக்கு ஒரு வரி போதும். பொய்க்குத்தான் சொந்தபந்தம் அதிகம். என் கெண்டைக்கால் கதைக்கு வாழைப்பழம், உப்பு, மெக்னீசியம், குளிர்ந்த நீரோட்டம் என்று நான்கு சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

நீரோட்டத்தில்தான் ஒருமுறை மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். கேன்டீனில் நான் கதையை விரித்துக்கொண்டிருந்தபோது, புதிதாகக் கல்யாணமான அக்கவுன்ட்ஸ் பையன் வெள்ளந்தியாகக் கேட்டான்: "கோவாவுலயா சார்? நாங்க போனப்போ தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சே?" உண்மைதான். மழைக்காலம் முடிந்த அந்த மாதங்களில் அங்கே கடல் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு மிதக்க உதவும் ரப்பர் உடுப்புக்கூட அனுமதி கிடையாது. கோவாவில் யாரும் அதைப் போட்டு நீந்தவில்லை. "அடியில ஒரு ஓட்டம் இருக்கும்பா, அது ஜில்லுனு இருக்கும்" என்றேன். பையன் தலையாட்டினான்.

போட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 1.9 கிலோமீட்டர் கடலில் நீச்சல், முடிந்ததும் 90 கிலோமீட்டர் சைக்கிள், அது முடிந்ததும் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மைலில் கூட்டினால் 70.3 வரும், அதுதான் போட்டிக்குப் பேர். இதைப்போல் இரண்டு மடங்குதான் முழு அயர்ன்மேன். 1978 பிப்ரவரியில் ஹவாயில் ஜான் காலின்ஸ் என்கிற அமெரிக்கக் கடற்படை அதிகாரி தொடங்கி வைத்தது. நீந்துகிறவனா, சைக்கிள் மிதிக்கிறவனா, ஓடுகிறவனா, யாருக்கு உடம்பில் தெம்பு அதிகம் என்று நடந்த வாதத்தைத் தீர்க்க, மூன்றையும் ஒரே நாளில் செய்து பார்த்துவிடுவோம் என்றார். 15 பேர் இறங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்தவர் பேர் எல்லாருக்கும் தெரியும். முடிக்காத அந்த மூன்று பேர் வீட்டுக்குப் போய் என்ன சொன்னார்கள் என்றுதான் இப்போதெல்லாம் யோசிக்கிறேன்.

கோவாவுக்கு 70.3 வந்தது 2019 அக்டோபரில். அதற்கு முன் இங்கிருந்து அந்தப் பேர் கொண்ட போட்டியில் இறங்க ஆசைப்பட்டவர்கள் பாஸ்போர்ட்டைத் தேட வேண்டும். எங்களுக்கோ வீட்டு வாசல் ஹைவேயில் ஏறினால் போதும். ஆம்பூரைத் தொட்டுக்கொண்டு போகிற 48-ஆம் எண் சாலை அப்படியே கிருஷ்ணகிரி, பெங்களூரு, ஹூப்ளி, பெல்காம் என்று போகிறது. பெல்காமில் இடதுபக்கம் திரும்பிவிட்டால் கோவா.

சைக்கிளும் ஓட்டமும் எனக்கு வரும். இதில் அடக்கம் காட்டுவதும் ஒருவகைப் பொய். ஞாயிற்றுக்கிழமை விடியலில் பொன்னேரியிலிருந்து ஏலகிரி ஏறுவேன். புலவர்கள் பேரும் வள்ளல்கள் பேரும் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மூச்சில் ஏறி, ஒரு டீ, மறுபடி இறக்கம். வார நாட்களில் கம்பெனி பஸ்கள் டிபன் பை வைத்த பெண்களை ஏற்றிக்கொண்டு வருவதற்கு முன்னால் சர்வீஸ் ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓடி முடித்துவிடுவேன். (உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊரில் நான் ஓடுவது வியட்நாமில் தைத்த ஷூவில். நாங்கள் செய்வது தோல் ஷூ. அதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாம், இருபத்தொரு கிலோமீட்டர் ஓட முடியாது.)

எனக்கு வராதது நீச்சல்.

வேலூர்ப் பக்கத்து ஆட்களை மடக்க ஒரு பழைய கேலி உண்டு: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை, தண்ணி இல்லாத ஆறு. கோயிலுக்கு 1981-இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். ஆறு அப்படியேதான் கிடக்கிறது. 348 கிலோமீட்டர் பாலாற்றில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் ஓடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஓடி நான் பார்த்தது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டுக்கொண்டு வந்தபோது ஊரே பாலத்தின் மேல் நின்று செல்ஃபி எடுத்தது.

அதனால் நாங்கள் நீச்சல் கற்றது கிணற்றில். எனக்கு ஏழு வயதில் மாமா என் முதுகில் சுரைக்குடுக்கை கட்டித் தூக்கிப் போட்டார். தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கிக்கொண்டு கையையும் காலையும் உதைத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் பாடத்திட்டம். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சு விடுவது என்று ஒன்று இருப்பதாகவே எங்களுக்குத் தெரியாது. பிறகு அந்தக் கிணறும் போயிற்று. டேனரிக் கழிவுநீர் நிலத்தில் இறங்கி, தண்ணீர் உப்பாகி, நிறம் மாறி, கடைசியில் மாட்டுக்குக்கூட ஆகாமல் போனது. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும், சுத்திகரிப்பு இல்லாத டேனரியை நடத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். எங்கள் மாமா கிணற்றில் இன்றைக்கும் யாரும் இறங்குவதில்லை.

இதெல்லாம் நிஜம். ஆனால் நான் இதைச் சாக்காகவும் சொல்லியிருக்கிறேன். "எங்க ஊர்ல நீந்தறதுக்குத் தண்ணி ஏதுங்க? இந்தத் தோல் எல்லாத்தையும் கெடுத்துடுச்சு" என்று பெங்களூரில் இருந்து வந்த ஒரு சைக்கிள் கோஷ்டியிடம் தொண்டை கரகரக்கப் பேசினேன். அதே தோல்தான் எனக்கு மாதா மாதம் சம்பளம் கொடுக்கிறது. நான் மிதிக்கிற கார்பன் சைக்கிளுக்குத் தவணை கட்டுகிறது. அதைவிட முக்கியம், என்கூட வந்த தம்பியும் அதே ஊர், அதே மாதிரிக் கிணறு. அவன் நீந்தி முடித்தான்.

தம்பி எங்கள் கம்பெனியில், ஷூவை அச்சில் இழுத்து வடிவம் கொடுக்கும் லாஸ்டிங் செக்‌ஷன். அவன் அப்பா டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். ஓட்டத்துக்கு அவனை இழுத்து வந்தது நான்தான். அதனால் என்னை "கோச்" என்று கூப்பிடுவான். நானும் திருத்தவில்லை.

நீச்சலைப் பற்றிப் பேசச் சொன்னால் நான் சளைக்க மாட்டேன். குற்றாலீஸ்வரன் எனக்கு ஏறக்குறைய ஒத்த வயது. 1994-இல் பதின்மூன்றுகூட நிரம்பாத வயதில் ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு கடற்கால்வாய்களை அவர் ஒரே வருஷத்தில் நீந்தி, மிஹிர் சென் சாதனையை முறியடித்தபோது, அந்தப் பேரைச் சொல்லித்தான் என் அப்பா எனக்கு அடி கொடுத்தார். 1954-இல் நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி வந்தது, 1971-இல் குமார் ஆனந்தன் பாக் நீரிணையைப் போக வர இரண்டு பக்கமும் நீந்தியது, பிறகு 1984-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய் அங்கேயே உயிரை விட்டது, எல்லாம் தலைகீழாகத் தெரியும். எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் 'கடலில் பதற்றம் வந்தால் என்ன செய்வது' என்று ஒன்பது நிமிஷ ஆடியோ போட்டவன் நான். மல்லாந்து மித, மூச்சை உள்ளே இழுக்கப் பார்க்காதே, நீளமாக வெளியே விடு, காவலுக்கு வரும் கயாக் படகைப் பிடித்துக்கொள், பிடிப்பது தப்பில்லை. தம்பி அதை இரண்டு தடவை கேட்டதாகச் சொன்னான்.

நான் செய்தது என்ன? வேலூரில் ஒரு நீச்சல்குளத்துக்குப் பணம் கட்டினேன். ஆறு மாதத்தில் பத்துப் பதினைந்து நாள் போயிருப்பேன். அங்கே எட்டு வயதுப் பிள்ளைகள் மீன் மாதிரி போய்த் திரும்பிக்கொண்டிருக்க, தொப்பை வைத்த நான் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருப்பேன். அந்தக் கோச் பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். "முகத்தை உள்ளே வைங்க சார், தண்ணி ஒண்ணும் பண்ணாது" என்று தினமும் சொல்வாள். எனக்கு அது பிடிக்கவில்லை. நாள் முழுக்க அடுத்தவன் சரக்கைத் திருப்பி அனுப்புகிறவனுக்கு, தன்னைத் திருத்துகிறவர்களை எப்படிப் பிடிக்கும்? எண்ணூறு மீட்டர் நீந்திவிட்டுக் குழுவில் "2 கி.மீ. முடிந்தது" என்று போட்டேன். சென்னைக்காரர்கள் கடலில் பழகுகிறார்கள், வாருங்கள் என்று கூப்பிட்டபோது, "ஆடிட் இருக்கு" என்றேன். தம்பி மட்டும் விடியற்காலை ரயிலைப் பிடித்து நான்கு ஞாயிறு போய் வந்தான்.

அந்தக் காலைக்கு வருகிறேன்.

மிராமாரில் மண்டோவி ஆறு கடலில் சேருகிறது. தண்ணீர் பால் கலக்காத டீ நிறம். இறங்கினால் முழங்கையைத் தாண்டித் தெரியாது. எல்லாரையும் ஒரே நேரத்தில் விடுவதில்லை. நம் நீச்சல் நேரத்தை நாமே கணித்து, அந்த நேரம் எழுதிய பலகைக்குக் கீழே நிற்க வேண்டும். நீச்சலுக்குக் கெடு 1 மணி 10 நிமிஷம். நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறவர்களோடு கடைசியில் நின்றிருக்க வேண்டும். தம்பி அங்கேதான் நின்றான். நான் 45 நிமிஷப் பலகைக்குக் கீழே போய் நின்றேன். அங்கே நின்றவர்கள் தோளெல்லாம் வேறு மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒருவர் "முதல் தடவையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

முதல் நூறு மீட்டர் பரவாயில்லை. பிறகு பின்னால் வந்த வேகக்காரர்கள் என் காலைத் தொட்டார்கள், முதுகில் ஏறினார்கள், ஒரு கை என் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனது. அவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் அவர்கள் நின்றார்கள். கண்ணாடிக்குள் தண்ணீர். தலையைத் தூக்கினேன், அலை வாயில் அடித்தது. கிணற்றில் நான்கு பக்கமும் கல் இருக்கும். குளத்தில் நீந்தினால் உடனே சுவர் வரும். இங்கே தொடுவதற்கு எதுவும் இல்லை. மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்றுவிட்டது, கீழே இறங்க மாட்டேன் என்றது. ஒன்பது நிமிஷ ஆடியோவில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. கையைத் தூக்கினேன்.

கயாக்கில் வந்தவன் மீசை முளைக்காத பையன். "ஹோல்ட், அங்கிள், ஹோல்ட். ரிலாக்ஸ்," என்றான். பிடித்துக்கொண்டேன். அவன் குனிந்து பார்த்து, "கிராம்ப்?" என்று கேட்டான்.

"யெஸ். கிராம்ப்."

அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தது அவன்தான் என்று ரொம்ப நாள் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம், அவன் கேள்விதான் கேட்டான்.

அவன் விசில் ஊதிப் படகைக் கூப்பிட்டான். படகு வர நான்கு நிமிஷம் ஆனது. என் கைக்கடிகாரத்தில் பதிவாகியிருந்தது. அந்த நான்கு நிமிஷத்தைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன். முதல் ஒரு நிமிஷம் உயிர் போகிற மாதிரி இருந்தது, அதில் பொய் இல்லை. இரண்டாவது நிமிஷத்தில் மூச்சு இறங்கிவிட்டது. மூன்றாவது நிமிஷத்தில் வயிற்றில் ஒரு சின்னப் பசிகூடத் தெரிந்தது. கயாக்கைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இளைப்பாறலாம். அது உன்னை முன்னால் இழுத்துப் போகாத வரை விதிப்படி நீ போட்டியில்தான் இருக்கிறாய். கெடு முடிய இன்னும் ஐம்பது நிமிஷத்துக்கு மேல் இருந்தது. தலையைத் தூக்கிக்கொண்டு கிணற்று நீச்சலே அடித்திருந்தாலும் முயன்று பார்த்திருக்கலாம். "சரியாகிவிட்டது" என்று அந்தப் பையனிடம் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அப்போது எனக்குப் பின்னால் கடைசி வரிசைக்காரர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். ஒரு தாத்தா, இரண்டு பெண்கள், ஆளுக்கொரு விதமாகத் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தார்கள். இனி நீந்தினால் இவர்களுக்கும் பின்னால்தான் கரையேறுவேன். கரையில், எங்களோடு வந்திருந்த சிநேகிதர் பாய் கேமராவை வைத்துக்கொண்டு நிற்பார். ஒருவேளை கெடுவுக்கு ஒரு நிமிஷம் தாண்டி வந்து, காலில் கட்டிய நேரம் குறிக்கும் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். எனக்கு அந்தச் சமயத்தில் பயம் கடலைப் பற்றி இல்லை. கடைசி ஆளாக வருவதைவிட அடிபட்டவனாக வருவது கௌரவம் என்று பட்டது. படகு வந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏறினேன்.

படகில் ஏறினால் போட்டி முடிந்தது. டாக்டர் கெண்டைச் சதையை அமுக்கிப் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். பாய் ஓடி வந்தார். ஃபினிஷ்டு லெதர் வியாபாரம் செய்கிறவர், என் பத்து வருஷ சிநேகிதர். எங்களுக்காகவே தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தவர். மணலிலேயே உட்கார்ந்து என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "அல்லா காப்பாத்தினான், விடுப்பா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றார்.

சைக்கிள்கள் நிறுத்தியிருக்கும் இடத்துக்கு மத்தியானம்தான் உள்ளே விட்டார்கள். வரிசை வரிசையாகக் கம்பிகள், போய்த் திரும்பிய சைக்கிள்கள் எல்லாம் மண்ணும் வியர்வையுமாக. என்னுடையது மட்டும் நேற்று துடைத்து வைத்த மாதிரியே நின்றது. குறுக்குக் கம்பியில் டேப் போட்டு ஒட்டிய மூன்று ஜெல் பாக்கெட்டுகள் வெயிலில் உப்பியிருந்தன. ஷூவுக்குள் நான் போட்ட டால்கம் பவுடர் கால் படாமல் அப்படியே வெள்ளையாகக் கிடந்தது. அதைக் கவிழ்த்துக் கொட்டினேன்.

சாயங்காலம் தம்பி ஓட்டத்தையும் முடித்து வந்தான். நீச்சலை 1 மணி 6 நிமிஷத்தில் முடித்திருந்தான். கெடுவுக்கு நான்கு நிமிஷம் மிச்சம். நான் முடிவுக் கோட்டுக்கு நொண்டிக்கொண்டே போனேன். ஆமாம், நொண்டினேன். அவன் என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டான். "உங்களாலதான் கோச்" என்று சொல்லி, தன் மெடலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினான். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன். பாய் போட்டோ எடுத்தார். எடுத்ததைத் தன் ஸ்டேட்டஸிலும் போட்டார்.

அந்தப் போட்டோ ஆம்பூருக்கு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. மெடல் யாருடையது என்று கேட்டவர்களிடம் உண்மையைச் சொன்னேன். கேட்காதவர்கள்தான் அதிகம். கையில் கட்டிய போட்டிப் பட்டையைப் பதினேழு நாள் கழற்றவில்லை. அதைப் பார்த்து யாராவது விசாரித்தால்தான் கதை சொல்ல முடியும்.

வீட்டில்தான் கதை கைமீறிப் போனது. என் மனைவி பயந்துவிட்டாள். நான் அவளை மேலும் பயமுறுத்தினேன். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை இந்தப் போட்டிகளில் இறந்தவர்களையும் இதயம் நின்று பிழைத்தவர்களையும் கணக்கெடுத்த ஓர் ஆராய்ச்சி உண்டு: மொத்தம் 135 பேர், அதில் 90 பேருக்கு நேர்ந்தது நீச்சலின்போது. போனில் அதைக் காட்டி, "பாத்தியா, நான் எவ்வளவு சரியான முடிவு எடுத்திருக்கேன்" என்றேன். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க ஒரு நிஜத்தைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவள் அன்றைக்கே சத்தியம் வாங்கிக்கொண்டாள்: இனிமேல் கடலில் இறங்கக் கூடாது. பேரணாம்பட்டில் இருக்கும் அவள் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். இரண்டாம் நாள் பஸ்ஸில் ஒரு பை நிறைய முடக்கத்தான் கீரை வந்து இறங்கியது. கை கால் பிடிப்புக்கு அதைவிட மருந்து கிடையாது என்பது அத்தையின் கட்சி. ஒரு வாரம் முடக்கத்தான் தோசை சாப்பிட்டேன். அதன் பிறகும் மாதம் ஒரு கட்டு தவறாமல் வரும்.

போன தை மாதம் தம்பியிடம் சொன்னேன். பைபாஸ் ஓரம் டீக்கடை. அடுத்த போட்டிக்குப் பேர் கொடுக்கலாமா என்று அவன்தான் ஆரம்பித்தான். "கால் இப்போ எப்படி இருக்கு கோச்?" என்று அக்கறையாகக் கேட்டான். அந்த அக்கறைதான் தாங்கவில்லை. கால் நன்றாகத்தான் இருந்தது, அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது என்றேன்.

அவன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நான் மூணு தடவை கயாக்கைப் புடிச்சேன்," என்றான். "ரெண்டாவது தடவை வாந்தி வேற எடுத்துட்டேன். நீங்கதானே சொன்னீங்க, புடிச்சா தப்பில்லன்னு."

"ம்."

"அப்போ அன்னிக்கு ஃபினிஷ்ல நொண்டிக்கினு வந்தீங்களே?"

"அதுவும்தான்."

அவன் எழுந்து போய் இரண்டு டீக்கும் காசு கொடுத்தான். எப்போதும் நான் கொடுப்பது வழக்கம். வண்டியை எடுக்கும்போது, "வரேண்ணே" என்றான். அதற்கப்புறம் அவன் என்னைக் கோச் என்று கூப்பிடவில்லை. கோபமாகவும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்கு வருகிறான், பேசுகிறான், சிரிக்கிறான். அண்ணே என்கிறான்.

அதன் பிறகு வேலூர்க் குளத்துக்கு மறுபடி பணம் கட்டினேன். அதே பெண், அதே வார்த்தை. முகத்தை உள்ளே வைத்து இருபது மீட்டர் வரை போகிறேன். இருபத்தொன்றாவது மீட்டரில் தலை தானாக மேலே வந்துவிடுகிறது. குழுவில் எதுவும் போடுவதில்லை.

மனைவியிடம் சொன்னது அரைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு ராத்திரி. நின்றுகொண்டே சொன்னேன். அவள் பேனாவை மூடாமல் கேட்டாள்.

"அந்த ஆராய்ச்சி?"

"அது நிஜம்."

"கால்?"

"இல்ல."

"எந்தக் காலும்?"

"எந்தக் காலும்."

ஒரு தாளைத் திருத்தி முடித்து, மார்க்கைக் கூட்டி, சரிபார்த்து, அடுத்ததை எடுத்தாள். பாதியில் நிமிர்ந்து, "எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிக்கங்க," என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. எழுபது தாண்டியவர், வேலியில் படர்ந்த கொடியைத் தானே குனிந்து பறித்து, ஈரத்துணி சுற்றி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறவர். போன வெள்ளிக்கிழமையும் ஒரு கட்டு வந்தது. என் மனைவி கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் இலையாகக் கிள்ளி ஆய்ந்தாள். மாவில் அரைத்துக் கலந்தாள். அவளுக்கும் மகளுக்கும் சாதா தோசை. என் தட்டில் மட்டும் பச்சையாக நான்கு, ஒன்றன் மேல் ஒன்றாக. கீரை வழக்கத்தைவிடக் கூட விழுந்திருந்தது போல, கசந்தது. "இன்னொண்ணு ஊத்தட்டுமா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள். ஊற்று என்றேன்.